முன்பாரம் தெரிந்த கார்கள்

வணக்கம், நேயர்களே.

கோயம்புத்தூரில் இருக்கும் என் அக்காள் மகனிடம் ஒருமுறை, "விடுமுறைக்குக் கேரவனோடு கிளம்புகிறோம்" என்று தொலைபேசியில் சொல்லிவிட்டேன். அவன் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு மெதுவாக, "மாமா, சினிமாவில் ஏதாவது வேஷம் கிடைத்திருக்கிறதா?" என்று கேட்டான். அங்கே கேரவன் என்றால் நடிகர்கள் ஒப்பனை போட்டுக்கொள்ளும் ஏசி வண்டி. நாம் வாழும் மெல்பர்னில் அது காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகிற சக்கர வீடு. கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் உள்ளேயே இருக்கும்.

இன்று நான் பேச வந்தது அந்த வீட்டை இழுத்த கார்களைப் பற்றி. இருபத்தாறு வருடம் இந்த நகரத்துப் பட்டறைகளில் கார்களுக்குக் கீழே படுத்து வேலை பார்த்தவன் நான். அதனால் என் பேச்சில் கொஞ்சம் கிரீஸ் வாடை அடித்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

1948 நவம்பர் 29. இதே ஊரில், ஃபிஷர்மன்ஸ் பெண்ட் தொழிற்சாலையில், பிரதமர் பென் சிஃப்லி ஒரு காரை அறிமுகப்படுத்தினார். 48-215 என்ற அந்த முதல் ஹோல்டன்தான் சாதாரணச் சம்பளக்காரனுக்கும் குடும்பக் கார் என்ற ஆசையை இந்த நாட்டில் விதைத்தது. 1960-ல் ஃபோர்டு ஃபால்கன் வந்தது, 1978-ல் ஹோல்டன் கமடோர் வந்தது. ஆறு சிலிண்டர் எஞ்சின், நீளமான உடல், பின் சக்கரங்கள் தள்ளும் அமைப்பு. அப்பா திங்கள் முதல் வெள்ளி வரை அதில் வேலைக்குப் போவார். சனிக்கிழமை அதே காரில் பிள்ளைகள் கிரிக்கெட்டுக்குப் போவார்கள். கிறிஸ்துமஸ் வந்தால் அதே காரின் பின்னால் கேரவனை மாட்டிக்கொண்டு குடும்பமே கடற்கரைக்குக் கிளம்பிவிடும். அதே கார் என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. விடுமுறைக்கென்று யாரும் தனி வண்டி வாங்கவில்லை.

நான் முதலில் வாங்கியதும் ஒரு பழைய ஃபால்கன் ஸ்டேஷன் வேகன்தான். அதன் பின்புறம் லாரிக்கு இருப்பது போல லீஃப் ஸ்பிரிங் பட்டைகள் இருக்கும். மற்ற நிறுவனங்களெல்லாம் சொகுசான ஸ்பிரிங்குகளுக்கு மாறிய பிறகும், 2010-ல் வேகன் உற்பத்தியை நிறுத்தும் வரை ஃபோர்டு அந்தப் பட்டைகளைக் கைவிடவில்லை. பத்திரிகையில் கார் விமர்சனம் எழுதுகிறவர்கள் அதைப் பழைய பஞ்சாங்கம் என்று கேலி செய்தார்கள். அவர்களில் எத்தனை பேர் கேரவன் இழுத்துப் பார்த்தார்களோ!

இங்கே ஒரு நுணுக்கத்தைச் சொல்ல வேண்டும். பொள்ளாச்சிப் பக்கத்தில் எங்கள் அப்பாவிடம் ஒரு மாட்டு வண்டி இருந்தது. மூட்டைகளை ஏற்றியதும் அவர் நுகத்தடியைக் கையால் தூக்கிப் பார்ப்பார். பின்பாரமாக இருந்தால் நுகம் மேலே எழும்பி மாட்டின் கழுத்துக் கயிற்றை இறுக்கும். முன்பாரம் அதிகமானால் கழுத்தை அழுத்தும். ஒரு மூட்டையை ஒரு சாண் முன்னே தள்ளுவார், இன்னொன்றை அரைச் சாண் பின்னே இழுப்பார். அளவான முன்பாரம் வந்த பிறகுதான் மாட்டைப் பூட்டுவார்.

கேரவனுக்கும் அதே கணக்குதான். மொத்த எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு, காரின் பின்னால் இருக்கும் இணைப்புக் குண்டின் மேல் இறங்க வேண்டும். 1500 கிலோ கேரவன் என்றால் 150 கிலோ. இது குறைந்தால் நெடுஞ்சாலையில் கேரவன் வாலாட்டத் தொடங்கும். ஆட்டம் முற்றினால் காரையும் சேர்த்துக் கவிழ்த்துவிடும். சரி, அந்த 150 கிலோ காரின் கடைசி முனையில் உட்கார்ந்தால் என்ன ஆகும்? பின்புறம் தாழும், முன்புறம் எழும்பும். முன் சக்கரங்களால் ஓடும் காரில், இழுக்க வேண்டிய சக்கரங்களும் திருப்ப வேண்டிய சக்கரங்களும் அந்த முன் சக்கரங்களே. அவற்றின் பிடி குறைந்தால் ஈரமான ஏற்றத்தில் வண்டி வழுக்கும். ஃபால்கனிலும் கமடோரிலும் அந்தப் பாரம் வண்டியைத் தள்ளுகிற பின் சக்கரங்களின் மேலேயே இறங்கியது. அதனால் பிடி கூடியது. தகுந்த இணைப்புச் சாதனங்களோடு ஃபால்கன் 2300 கிலோ வரை இழுத்தது, கடைசித் தலைமுறைக் கமடோர் 2100 கிலோ வரை இழுத்தது. 1970-களின் குடும்பக் கேரவன்கள் பெரும்பாலும் ஒரு டன்னைச் சுற்றியே இருந்ததால் அது தாராளமான அளவு.

1998-ல் ஒரே ஆண்டில் 94,000-க்கும் மேற்பட்ட கமடோர்கள் விற்றன. 1996 முதல் 2010 வரை பதினைந்து ஆண்டுகள் நாட்டிலேயே அதிகம் விற்ற கார் அதுதான். 2015-ல் ஃபால்கன் விற்பனை ஆறாயிரத்தைக்கூட எட்டவில்லை. 2016 அக்டோபர் 7 அன்று பிராட்மெடோஸில் கடைசி ஃபால்கன் வெளியே வந்தது. அடுத்த ஆண்டு அக்டோபர் 3-ல் டொயோட்டா ஆல்டோனா ஆலையை மூடியது. அதே மாதம் 20-ஆம் தேதி, தெற்கு ஆஸ்திரேலியாவின் எலிசபெத் நகரில் கடைசி கமடோர் முடிந்தது. பிறகு ஜெர்மனியில் செய்த ஓப்பல் காரில் ஹோல்டனின் சிங்கச் சின்னத்தை ஒட்டிக் கமடோர் என்று விற்றார்கள். மக்கள் ஏமாறவில்லை. 2020-ல் ஹோல்டன் என்ற பெயரோடு அந்தச் சிங்கத்தையே கழற்றி வைத்துவிட்டார்கள்.

ஏன் இப்படி ஆயிற்று என்று கேட்டால், "மக்களுக்குப் பெரிய வண்டி மோகம் வந்துவிட்டது" என்று எல்லோரும் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது பாதி உண்மையாகத்தான் படுகிறது. மோகத்துக்குப் பாதை போட்டுக் கொடுத்தவர்களும் இருக்கிறார்கள். 1980-களின் நடுவில் வெளிநாட்டுக் கார்களுக்கு 57.5 சதவீதம் இறக்குமதி வரி இருந்தது. படிப்படியாகக் குறைந்து 2010-ல் 5 சதவீதம் ஆனது. 2005 ஜனவரி முதல் தேதி தாய்லாந்தோடு தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. அங்கே தயாரான யூட்டுகள், அதாவது பின்னால் சாமான் தொட்டி வைத்த வண்டிகள், வரியில்லாமல் இங்கே இறங்கின. இங்கிருந்து அங்கே போக வேண்டிய பெரிய எஞ்சின் கார்களையோ அந்த நாட்டின் உள்நாட்டு வரி வாசலிலேயே நிறுத்தியது. அதன் மேல், ஆஸ்திரேலிய டாலர் அமெரிக்க டாலரைத் தாண்டி நின்ற ஆண்டுகளும் வந்தன. இங்கே ஒரு கார் செய்வதைவிட வாங்கி வருவது மலிவாகிவிட்டது.

யூட்டுக்குச் சொந்த நாட்டு வரிச் சட்டமும் குடை பிடித்தது. அது சரக்கு வண்டி என்று எழுதப்பட்டிருப்பதால் சொகுசுக் கார் வரி கிடையாது. தொழிலுக்கென்று வாங்கினால் வேறு சலுகைகளும் உண்டு. தச்சருக்கும் குழாய் வேலை செய்பவருக்கும் அது நியாயம். ஆனால் நான்கு கதவு, தோல் இருக்கை, பெரிய தொடுதிரை வைத்து, பள்ளி வாசலில் பிள்ளைகளை இறக்கிவிடும் யூட்டுகளில் எத்தனை சிமெண்ட் மூட்டை ஏறியிருக்கும் என்று நான் யோசித்ததுண்டு. 2016-ல் டொயோட்டா ஹைலக்ஸ் ஆண்டின் அதிகம் விற்ற வண்டி ஆனது. 2023-ல் ஃபோர்டு ரேஞ்சர் அந்த இடத்தைப் பிடித்தது. ஃபால்கன் விற்ற அதே கடையில் இன்று தாய்லாந்து ரேஞ்சர் நிற்கிறது.

2025-ல் தொடங்கிய வாகனப் புகை விதியையும் பாருங்கள். பயணிகள் கார்களுக்குக் கிலோமீட்டருக்கு 141 கிராம் கரியமிலவாயு என்பது முதலாண்டு இலக்கு. யூட் பிரிவுக்கு 210 கிராம். தனிச் சேஸியின், அதாவது இரும்பு அடிச்சட்டத்தின் மேல் உடல் பொருத்திய, மூன்று டன் இழுக்கக்கூடிய பெரிய வண்டிகளையும் அந்தத் தளர்ந்த பிரிவிலேயே சேர்த்துவிட்டார்கள். இழுக்கும் வேலையைச் சட்டமே ஒருவகை வண்டிக்கு எழுதி வைத்துவிட்டது போலத்தான் எனக்குத் தோன்றுகிறது. இன்றைய டொயோட்டா கேம்ரி ஹைப்ரிட் நல்ல குடும்பக் கார்தான். அதன் இழுவை வரம்பு 400 கிலோ. தோட்டக் குப்பையை ஒரு சிறிய டிரெய்லரில் கொண்டுபோய்க் கொட்டலாம்.

"ஐயா, ஃபால்கன் 2300 இழுத்தது, யூட் 3500 இழுக்கிறது, இதில் என்ன குறை?" என்று கேட்கலாம். அந்த 3500-ல்தான் சூட்சுமம் இருக்கிறது. வண்டி, கேரவன், ஆட்கள், சாமான் எல்லாம் சேர்ந்து இத்தனை கிலோவைத் தாண்டக் கூடாது என்று ஒரு கூட்டு எடை வரம்பு உண்டு. 6000 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். கேரவன் 3500 என்றால் வண்டிக்கு மிஞ்சுவது 2500. காலி வண்டியே 2200 இருக்கும். பாக்கி 300 கிலோவில் கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள், கங்காரு மோதாமல் இருக்க முன்னால் போட்ட இரும்புக் கம்பி, பின்னால் வைத்த ஃபிரிட்ஜ் எல்லாம் அடங்க வேண்டும். விளம்பரத்தில் 3500 கொட்டை எழுத்தில் இருக்கும். 6000-ஐக் கையேட்டில் தேடிப் பிடிக்க வேண்டும்.

வண்டி இவ்வளவு இழுக்கிறதே என்று கேரவன் செய்கிறவர்களும் எடையைக் கூட்டிக்கொண்டே போனார்கள். குளியலறை வந்தது, துணி துவைக்கும் இயந்திரம் வந்தது. கேரவன் கனத்துவிட்டதே என்று மக்கள் இன்னும் பெரிய வண்டி வாங்கினார்கள். வண்டிக்காகக் கேரவன் பெருத்து, கேரவனுக்காக வண்டி பெருத்த கதைதான்.

மின்சாரக் கார்களைப் பற்றிக் கேட்பீர்கள். இழுக்கும் வலு அவற்றில் ஏராளம். ஆனால் உயரமான கேரவன் காற்றை எதிர்த்து நிற்பதால், ஒரு முறை சார்ஜ் செய்து போகக்கூடிய தூரம் ஏறத்தாழப் பாதியாகிவிடுகிறது. பல சார்ஜ் நிலையங்களில் கேரவனைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் காரை உள்ளே விட முடியும். வளைவே இல்லாமல் 146 கிலோமீட்டர் நீளும் நல்லார்பர் சாலையை நினைத்தால், இப்போதைக்கு எனக்குத் துணிச்சல் வரவில்லை.

போன வருடம் நண்பர் ஒருவர் புது யூட்டும் புதுக் கேரவனும் வாங்கினார். கிளம்புவதற்கு முன் எடைமேடைக்குப் போவோம் என்று நான்தான் வற்புறுத்தினேன். வரம்பைவிட 140 கிலோ அதிகம். அவருடைய மனைவி என்னை முறைத்தார். உள்ளே ஏறிப் பார்த்தோம். தண்ணீர்த் தொட்டி இரண்டும் நிரம்பியிருந்தன. ஒரு தொட்டியைக் காலி செய்தோம். இரண்டு அரிசி மூட்டைகளை இறக்கினோம். கட்டிலுக்கு அடியில் துணி சுற்றிய ஏதோ ஒன்று கனமாக இருந்தது. பிரித்துப் பார்த்தால் கல் போட்ட மாவு கிரைண்டர். "இட்லிக்கு என்ன செய்வது?" என்று அந்த அம்மா கேட்டார். கிரைண்டர் வீட்டுக்குத் திரும்பியது. நான்கு நாளுக்கான மாவை அரைத்து ஃபிரிட்ஜில் வைத்துக்கொண்டு, மறுநாள் காலை கிளம்பிப் போனார்கள்.