கொடுத்தவரின் போன் நம்பர்

வணக்கம் நேயர்களே.

இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் ஆலிவ் குக் என்று ஓர் அம்மையார் இருந்தார். போரில் உயிர்விட்ட வீரர்களின் நினைவாக அங்கே நவம்பரில் சட்டையில் குத்திக்கொள்ளும் சிவப்பு பாப்பிப் பூவை, 16 வயது தொடங்கி 76 ஆண்டுகள் விற்று நிதி சேர்த்தவர். கேட்டவர்களுக்குத் தன் கையிலிருந்தும் கொடுத்தவர். 2015 மே மாதம், 92 வயதில் இறந்தார். அதற்கு அறக்கட்டளைகள் காரணமில்லை என்று குடும்பத்தாரே சொன்னார்கள். ஆனாலும் நன்கொடை கேட்டு அவர் வீட்டில் வந்து குவிந்த கடிதங்கள் பற்றி விசாரணை நடந்தது.

அவருடைய முகவரி 99 அமைப்புகளிடம் இருந்தது. 2014-இல் மட்டும் அவருக்குப் போனவை சுமார் 466 கடிதங்கள். தள்ளாத வயதில், நாளுக்கு ஒன்றுக்கும் மேல்! பல அமைப்புகளுக்கு அவர் முகவரி கொடுக்கவே இல்லை. வேறு யார் யாரோ கைமாற்றிவிட்டார்கள். "இனி அனுப்ப வேண்டாம்" என்று சொல்லக் கடிதத்திலேயே வழி வைத்திருந்த அமைப்புகள் வெறும் 14. அதன்பின் 2016-இல் பிரிட்டனில் நிதி திரட்டலுக்கெனப் புதிய ஒழுங்காற்று அமைப்பு வந்தது. "இன்ன அறக்கட்டளை என்னைத் தொடர்புகொள்ளக் கூடாது" என்று பொதுமக்கள் பதிவு செய்யும் வசதியும் மறு ஆண்டே வந்தது.

நம் ஊரில் கடிதத்தின் இடத்தில் போன். "சார், போன வருஷம் ஐந்நூறு அனுப்பினீங்களே, இந்தக் குழந்தைக்கு நாளைக்கு ஆபரேஷன், இன்னிக்குள்ள கட்டணும்." பென்ஷனில் வாழும் ஒருவரை இப்படிப் பதறவைத்து வாங்கும் பணத்தை நன்கொடை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த நம்பர், நன்கொடை திரட்டும் நம்மை நம்பி அவர் தந்தது. இன்னொரு அமைப்புக்குக் கொடுக்க நமக்கு உரிமை கிடையாது. "வேண்டாம்" என்று ஒருவர் சொன்னால், அன்றைக்கே பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிட வேண்டும்.

குழந்தைகள் இல்லங்களுக்கு ஒரு வார்த்தை. பிறந்தநாளுக்கு ஒரு வேளை சாப்பாடு போடுபவருக்காகப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் சுற்றவிடுகிறோம். பராமரிப்பு தேவைப்படும் குழந்தையின் அடையாளத்தை ஊடகங்களில் வெளியிடக் கூடாது என்று 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் சொல்கிறது. அந்தக் குழந்தை நாளை பள்ளிக்கூடத்தில் தலைநிமிர்ந்து உட்கார வேண்டாமா? கொடுப்பவரிடம் இதை எடுத்துச் சொன்னால் புரிந்துகொள்வார். சமையற்கட்டையும் மளிகை பில்லையும் காட்டுங்கள், மனம் நிறைந்து போவார்.

வரி விஷயத்திலும் ஒளிவுமறைவு கூடாது. ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் நன்கொடைக்கான வருமான வரிச் சலுகை கிடைக்காது. இதைப் பணம் வாங்கும் முன்பே சொல்ல வேண்டும், ரசீது கிழித்த பிறகு அல்ல.

இன்னொன்றைப் பற்றி நாம் பேசுவதே இல்லை. ஒரு நோயாளியின் டயாலிசிஸுக்கென்று பத்துப் பேர் பணம் தருகிறார்கள். அவர் இறந்துவிடுகிறார், பணம் மீதி இருக்கிறது. சத்தமில்லாமல் பொதுக் கணக்கில் சேர்ப்பதுதான் வழக்கமாக நடக்கிறது. அந்தப் பத்துப் பேரையும் கூப்பிடுங்கள். நடந்ததைச் சொல்லி, இதே சிகிச்சைக்குக் காத்திருக்கும் இன்னொருவருக்குக் கொடுக்கலாமா என்று கேளுங்கள். பலரும் "தாராளமா கொடுங்க" என்பார்கள். ஒருவர் சம்மதிக்கவில்லை என்றால் அவர் பங்கைக் கணக்குப் பார்த்துத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

வணக்கம்.