லேப்டாப் கிராபிக்ஸ் கார்டை ஓவர்கிளாக் செய்தும் வேகம் கூடவில்லையே, ஏன்?

அடுத்த கேள்வி ஓவர்கிளாக் பற்றி, அதாவது சிப்பை அதன் வழக்கமான வேகத்துக்கு மேல் ஓடவைப்பது. ஒரு தம்பி எழுதியிருக்கிறார்: "ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் கார்டு உள்ள லேப்டாப் வைத்திருக்கிறேன். ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருளில் கோர் கிளாக்கை, அதாவது சிப்பின் வேகத்தை, 150 மெகாஹெர்ட்ஸ் ஏற்றினேன். விளையாட்டில் விநாடிக்கு இரண்டு ஃபிரேம்தான் கூடியது. விசிறி மட்டும் அலறுகிறது. கார்டு எரிந்துவிடுமா?"

எரியாது தம்பி. 87 டிகிரியை ஒட்டி வந்தாலே அது தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். வோல்ட்டேஜை ஏற்றவும் பெரும்பாலான லேப்டாப்களில் வழி கிடையாது. அளவுக்கு மீறி ஏற்றினால் விளையாட்டு பாதியில் நின்றுபோகும், அல்லது டிரைவர் (கார்டை விண்டோஸோடு இணைக்கும் மென்பொருள்) விழுந்து எழும். அவ்வளவுதான்.

வேகம் ஏன் கூடவில்லை என்பதுதான் நல்ல கேள்வி. டெஸ்க்டாப் 3060 கார்டுக்கு 170 வாட். அதே பெயரில் லேப்டாப்புக்குள் இருப்பதற்கு 60 முதல் 115 வாட் வரைதான். எவ்வளவு என்று லேப்டாப் செய்தவர் தீர்மானிக்கிறார். கடையில் இதை யாரும் சொல்வதில்லை. 150 மெகாஹெர்ட்ஸ் கூட்டச் சொல்லி நீங்கள் கேட்கிறீர்கள். கார்டும் ஏறப் பார்க்கிறது. வாட் வரம்பு தலையில் தட்டி உட்கார வைக்கிறது. ஜிபியு-இசட் மென்பொருளைத் திறந்து, தடை எதனால் என்று காட்டும் வரியைப் பாருங்கள். மின்சாரம் என்றுதான் அநேகமாக இருக்கும். அந்த வரம்பை உயர்த்தும் பட்டை ஆஃப்டர்பர்னரில் இருக்கிறது, ஆனால் லேப்டாப்பில் பூட்டிக் கிடக்கும். வேறு பயாஸ் (கார்டுக்குள்ளேயே இருக்கும் அடிப்படை மென்பொருள்) ஏற்றி உடைக்கிறேன் என்று கிளம்பாதீர்கள். கிராபிக்ஸ் சிப் லேப்டாப்பின் போர்டோடு பற்றவைக்கப்பட்டது; கெட்டால் போர்டே போய்விட்டது என்று பொருள்.

2015 தொடக்கத்தில், இந்தக் கார்டுகளைச் செய்யும் என்விடியா தன் 900எம் வரிசை லேப்டாப்களுக்கு ஓவர்கிளாக்கையே டிரைவர் மூலம் அடைத்துவிட்டது. கூச்சல் எழுந்ததும் திறந்துவிட்டார்கள்.

என்னைக் கேட்டால், வேகத்தை ஏற்றுவதைவிட வோல்ட்டேஜை இறக்குங்கள். சிப் தின்னும் மின்சாரம் வோல்ட்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. அதே வேகத்தில் 0.9 வோல்ட்டை 0.8 ஆக்கினால் கணக்குப்படி ஐந்தில் ஒரு பங்கு குறைய வேண்டும். ஆஃப்டர்பர்னரில் கண்ட்ரோலையும் எஃப் விசையையும் சேர்த்து அழுத்தினால், எந்த வோல்ட்டேஜில் எவ்வளவு வேகம் என்று காட்டும் வளைகோடு ஒன்று வரும். 800 மில்லிவோல்ட் புள்ளியைப் பிடித்து, இப்போது விளையாடும்போது ஓடும் வேகத்துக்கு உயர்த்துங்கள். அதற்கு வலப்பக்கம் உள்ளதையெல்லாம் தட்டையாக்குங்கள். பல லேப்டாப்களில் பிராசஸருக்கும் கிராபிக்ஸ் சிப்புக்கும் வெப்பக்குழாய் ஒன்றுதான். ஒன்று தணிந்தால் மற்றதும் மூச்சு விடும், விசிறியும் அடங்கும்.

கார்டின் மெமரி வேகத்தை வேண்டுமானால் சற்று ஏற்றலாம். ஆனால் மெமரியில் பிழை வந்தாலும் சில சமயம் உடனே நின்றுவிடாது, தரவை மறுபடி அனுப்பிச் சமாளிக்கும். அப்போது மெமரி வேக எண் ஏறிக்கொண்டே போகும், ஃபிரேம் குறைந்துகொண்டே வரும். ஃபிரேமைப் பார்த்து நிறுத்துங்கள்.

இன்னொன்று. இந்த மாற்றங்களை விண்டோஸ் தொடங்கும்போதே அமலாக்கும் பொத்தானை முதல் நாளே அழுத்தாதீர்கள். நான் அழுத்தினேன், திரை வருவதும் உறைவதுமாக, சேஃப் மோடுக்குப் போய்த்தான் மீண்டேன். இரண்டு மூன்று நாள் விளையாடிப் பாருங்கள். உறைந்தால், அதே வேகத்தை வைத்துக்கொண்டு 25 மில்லிவோல்ட் கூட்டிக்கொள்ளுங்கள்.

சரி, அடுத்த கேள்விக்குப் போவோம்.