இவோ ஆந்திரிச்: தூதர் பணியும் த்ரினா நதிப் பாலமும்

நேயர் ஒருவரின் கேள்வி இது: "1961-இல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு பெற்ற யூகோஸ்லாவிய எழுத்தாளர் இவோ ஆந்திரிச் இருபது ஆண்டுகள் தூதரகப் பணியில் இருந்திருக்கிறார். அந்த அனுபவம்தான் அவரை நாவலாசிரியர் ஆக்கியதா?"

ஓரளவுக்கு ஆம். போஸ்னியாவின் திராவ்னிக் நகரில் நெப்போலியன் காலத்தில் பணியாற்றிய பிரெஞ்சு, ஆஸ்திரியத் தூதர்களைப் பற்றிய 'திராவ்னிக் வரலாறு' நாவலை, அவர் பாரிஸில் பணியில் இருந்தபோது ஆவணக் காப்பகத்தில் படித்த பழைய தூதரக அறிக்கைகள் இல்லாமல் எழுதியிருக்க முடியாது. ஆனால் அவருடைய இன்னொரு நாவலான 'த்ரினா நதிப் பாலம்' பிறந்த இடம் வேறு என்றே நான் நினைக்கிறேன்.

1892-இல் பிறந்த ஆந்திரிச்சுக்கு இரண்டு வயதானபோது தந்தை இறந்துவிட, வறுமையில் தவித்த தாய், மகனை த்ரினா நதிக்கரையிலுள்ள விசெகிராத் ஊரில் அத்தை வீட்டில் விட்டுச் சென்றார். அந்த ஊரின் பதினோரு வளைவுகள் கொண்ட கல்பாலம்தான் பின்னாளில் நாவலின் நாயகனானது. பாலத்தைக் கட்டுவித்த மெஹ்மத் பாஷாவும், நாவலின்படி, வேறு பல சிறுவர்களோடு ஒட்டோமான் பேரரசின் சேவைக்காகத் தாயிடமிருந்து பறிக்கப்பட்டு அதே ஆற்றுத்துறையில் ஓடமேற்றப்பட்டவர். பின்தொடர்ந்து வந்த தாய்மார்கள் கரையிலேயே நின்றுவிட வேண்டியிருந்தது. அந்தக் கணத்தில் நெஞ்சில் பாய்ந்த வலி, பேரரசின் பிரதம அமைச்சரான பிறகும் அவரை விடவில்லை. வலி தொடங்கிய இடத்திலேயே பாலம் எழுந்தது. பாலத்தூணில் உயிரோடு வைத்துக் கட்டப்பட்ட இரட்டைக் குழந்தைகளுக்குத் தாய் பாலூட்டுவதற்காகக் கொத்தனார் துவாரம் விட்டதாகவும், கல்லில் இன்றும் பால் கசிவதாகவும் ஊரார் நம்புவதை நாவல் சொல்கிறது. அந்த வெண்மையைச் சுரண்டியெடுத்துப் பால் சுரக்காத பெண்களுக்கு மருந்தாக விற்பார்களாம். இந்தப் பக்கங்களைப் படிக்கும்போதெல்லாம் அத்தை வீட்டில் விடப்பட்ட அந்தச் சிறுவன்தான் என் கண்முன் வருகிறான்.

எழுதுவதற்கான தனிமையைக் கொடுத்தது போர். 1939-இல் பெர்லினுக்குத் தூதராக அனுப்பப்பட்ட ஆந்திரிச், 1941 ஏப்ரல் 6 அன்று ஜெர்மன் விமானங்கள் யூகோஸ்லாவியத் தலைநகர் பெல்கிரேடின் மீது குண்டு வீசிய பின் பதவியின்றி நாடு திரும்பினார். ஆக்கிரமிப்புக் காலம் முழுவதும் தம் எழுத்து எதையும் வெளியிட மறுத்து, நண்பர் வீட்டு அறையொன்றில் தங்கி மூன்று நாவல்களை எழுதி முடித்தார். மூன்றும் 1945-இல் வெளிவந்தன. முதலில் பாலத்தைப் படியுங்கள். அவருக்குள் இருந்த தூதரையும் அறிய விரும்பினால், அடுத்து 'திராவ்னிக் வரலாறு'க்குச் செல்லலாம்.