விரல் யாரைக் காட்டுகிறது?

எல்லாருக்கும் கர்த்தருடைய நாமத்தில் அன்பின் வாழ்த்துகள். பேச ஆரம்பிப்பதற்கு முன்னால் ஒரு படம் காட்டுகிறேன். போனைத் திருப்புகிறேன், தெரிகிறதா? நடுவில் சிலுவையில் இயேசு. நமக்கு வலப்பக்கம் நிற்பவர் யோவான்ஸ்நானன். அவர் கையைப் பாருங்கள். ஆள்காட்டி விரல் இயல்புக்கு மீறி நீண்டிருக்கிறது.

குருநேவால்ட் என்ற ஜெர்மன் ஓவியர் 1512க்கும் 1516க்கும் இடையில், ஈசன்ஹைம் மடத்துக்காக வரைந்தது இது. உடம்பே தீப்பற்றியதுபோல் எரியும் ஒரு நோயால் துடித்தவர்களை அந்த மடத்தில் பராமரித்தார்கள். இயேசுவின் உடம்பிலும் எத்தனை புண்கள் பாருங்கள். வேதத்தின்படி யோவான் அதற்கு முன்பே தலை வெட்டப்பட்டு இறந்துவிட்டார். ஆனாலும் ஓவியர் அவரைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார், அந்த விரலுக்காக. பக்கத்தில் லத்தீனில் யோவான் இயேசுவைப் பற்றிச் சொன்ன வார்த்தை: "அவர் பெருகவும் நான் சிறுகவும் வேண்டும்." யோவான் 3:30.

இந்த விரல் சில நாட்களாக என்னை விடவில்லை. காரணம் சொல்கிறேன். என்னோடு வேலை செய்யும் ஒரு அக்கா வீட்டில் பெரிய கஷ்டம். அவர்கள் வேலையையும் சேர்த்துச் சில வாரம் நான் பார்த்தேன். ஒருநாள் கண் கலங்கி, "நீ ரொம்ப நல்ல பிள்ளை, உன்னைப் போல யாரும் இல்லை" என்றார்கள். நான் சிரித்துக்கொண்டே நின்றேன். என் மனதுக்கு அது அவ்வளவு இனித்தது. வீட்டுக்கு வந்து ஜெபிக்க முழங்கால் போட்டதும்தான் உறைத்தது: விரல் என்னையே காட்டிக்கொண்டிருந்திருக்கிறது. அன்று நான் அழுதேன்.

யோவான் சுவிசேஷம் முதல் அதிகாரத்தில் பாருங்கள். யோவான்ஸ்நானன் இயேசுவைப் பார்த்து, "இதோ, தேவ ஆட்டுக்குட்டி" என்கிறார். கேட்ட அவருடைய சீஷர் இரண்டு பேரும் இயேசுவுக்குப் பின்னே போய்விட்டார்கள். தன்னோடு இருந்தவர்கள், தான் பயிற்றுவித்தவர்கள்! யோவான் அவர்களைத் திரும்பக் கூப்பிடவே இல்லை. அவர்களில் ஒருவன் அந்திரேயா. அவன் போய் முதலில் தேடியது தன் சகோதரன் சீமோனை. பிரசங்கம் எதுவும் இல்லை, இயேசுவினிடத்தில் கூட்டிக்கொண்டு வந்தான், அவ்வளவுதான். கிணற்றடியில் இயேசுவைச் சந்தித்த சமாரியப் பெண்ணும் குடத்தை அப்படியே வைத்துவிட்டு ஊருக்குள் ஓடி "வந்து பாருங்கள்" என்றாள். பிறகு ஊர்க்காரர்கள் அவளிடம் என்ன சொன்னார்கள் தெரியுமா? இனி உன் சொல்லுக்காக இல்லை, நாங்களே கேட்டு அறிந்துகொண்டோம் என்று. எனக்கு அந்த வசனம் ரொம்பப் பிடிக்கும்.

சரி, அந்த அக்கா விஷயத்துக்கு வருகிறேன். அப்புறம் ஒருநாள் ஒரு சின்னத் தவறுக்காக அவர்களிடம் எரிந்து விழுந்தேன். நல்ல பிள்ளை என்ற பெயர் அன்றோடு போயிற்று. மறுநாள் காலையில் பையைக்கூடக் கீழே வைக்காமல் அவர்கள் மேஜைக்குப் போய், "அக்கா, நான் பேசியது தப்பு, மன்னித்துவிடுங்கள்" என்றேன். "இதற்குப் போய் மன்னிப்பா?" என்றார்கள். "இயேசு என்னை எவ்வளவோ மன்னித்திருக்கிறார் அக்கா, அதனால் கேட்காமல் இருக்க முடியவில்லை" என்றேன். குரல் நடுங்கியது. அவர்கள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அவரைப் பற்றிச் சொல்லேன்" என்றார்கள்.

நான் உதவி செய்த அத்தனை வாரமும் வராத கேள்வி அது. யோவான் சுவிசேஷத்தைக் கொடுத்தேன். இப்போது மூன்றாம் அதிகாரம் வாசிக்கிறார்கள். தினமும் அவர்களுக்காக ஜெபிக்கிறேன், நீங்களும் ஜெபியுங்கள்.

அதே சுவிசேஷம் பத்தாம் அதிகாரத்தின் கடைசியில், யோவான் முன்பு ஞானஸ்நானம் கொடுத்த இடத்துக்கு இயேசு திரும்ப வருகிறார். அங்கே ஜனங்கள் பேசிக்கொண்டது இது: "யோவான் ஒரு அற்புதத்தையும் செய்யவில்லை, ஆகிலும் இவரைக்குறித்து யோவான் சொன்னதெல்லாம் மெய்யாயிருக்கிறது." அந்த இடத்தில் அநேகர் இயேசுவை விசுவாசித்தார்கள்.