முதல் கயிற்றை இழுப்பதற்கு முன்: பாலைவனப் பாறை இடுக்குப் பயணத்திற்கு ஆயத்தமாதல்

[காட்சி: செந்நிறப் பாறைச் சுவர்கள், நடுவே ஒரு கயிறு]

வணக்கம். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் வெள்ளநீர் மணற்பாறையை அறுத்து உண்டாக்கிய குறுகிய இடுக்குகளுக்குள், வழிகாட்டியின் துணையோடு கயிறு கட்டி இறங்கும் பயணத்திற்குச் சிங்கப்பூரிலிருந்து முதன்முறையாகச் செல்பவர்களுக்காக இந்தக் காணொளி. அங்குள்ள சயான் தேசியப் பூங்காவுக்குள் இத்தகைய பயணங்களை வணிக முறையில் நடத்த அனுமதி இல்லை என்பதால், அவை பூங்காவுக்கு வெளியேயுள்ள இடுக்குகளிலேயே நடைபெறுகின்றன.

முதலில் ஒன்றை மனத்தில் கொள்ள வேண்டும். கடைசி ஆள் இறங்கியதும், வழிகாட்டி கயிற்றின் ஒரு முனையைப் பிடித்து இழுப்பார்; மேலே வளையத்தில் கோத்திருந்த கயிறு முழுவதும் சரசரவென்று காலடியில் வந்து விழும். அதன் பிறகு வந்த வழியே திரும்ப முடியாது. ஐயமும் அச்சமும் உடல்நலக் குறையும் இருந்தால், அந்தக் கயிறு விழுவதற்கு முன்பே அவற்றை வழிகாட்டியிடம் சொல்லிவிட வேண்டும்.

பதிவு செய்யும்போது இடுக்கின் தரக்குறியீட்டைக் கேட்டுக்கொள்ளுங்கள். ‘3பி’ என்றால், 3 என்ற எண் கயிறு தேவைப்படும் இறக்கத்தையும், பி என்ற எழுத்து ஓட்டமில்லாமல் தேங்கி நிற்கும் நீரையும் குறிக்கின்றன. ஏ எனில் பெரும்பாலும் வறண்ட இடம், சி எனில் நீரோட்டம் உள்ள இடம். நீச்சல் தெரியாதவர்கள் அந்த எழுத்தைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்.

[காட்சி: இடுப்புப் பட்டை, கயிறு, வலக்கை]

இறக்கத்தில் உயிரைக் காப்பது கயிற்றின் கீழ்ப்பகுதியை இடுப்பருகே பிடித்திருக்கும் கைதான். அச்சத்தில் அதை விட்டுவிட்டு, கண்முன் தெரியும் மேல்கயிற்றை இரு கைகளாலும் பற்றிக்கொள்வது தொடக்கநிலையினரின் இயல்பு. நானும் முதல் இறக்கத்தில் அப்படித்தான் செய்தேன். கீழே நின்றவர் கயிற்றை இழுத்துப் பிடித்ததால் நழுவாமல் நின்றேன். ஆகவே, பயணத்திற்கு முன் இங்குள்ள ஏறுசுவர்க் கூடம் ஒன்றில் பயிற்றுநரிடம் இரண்டு மூன்று முறையாவது பழகிக்கொள்ளுங்கள். விலையுயர்ந்த சாதனங்களை வாங்குவதைவிட இது பன்மடங்கு பயன் தரும். தலைக்கவசத்தையும் பட்டையையும் பெரும்பாலும் வழிகாட்டிகளே தருவார்கள். நீண்ட கூந்தலை முடிந்துகொள்ளுங்கள், துப்பட்டாவைத் தவிர்த்துவிடுங்கள். இடுப்புப் பட்டையில் மாட்டி, கயிற்றைக் கோத்து இறங்க உதவும் இறக்கக் கருவியில் அவை சிக்கினால் விடுவிப்பது கடினம்.

கால்களுக்கு நம் வீவக புளோக்கின் படிக்கட்டே போதும். ஏறுவதைக் காட்டிலும், முதுகுப்பையோடு இறங்குவதில் கருத்தாக இருங்கள். அங்கே தொடைகள் செய்யப்போவது அந்த வேலையைத்தான்.

ஆயினும் புக்கிட் தீமாவில் எத்தனை முறை ஏறி இறங்கினாலும், பாலைவனத்தின் வறண்ட காற்று நமக்குப் பழகிவிடாது. சிங்கப்பூரில் வியர்வை சட்டையை நனைத்து எச்சரிக்கும். அங்கோ சுரந்தவுடன் உலர்ந்துவிடுவதால், மாலையில் சட்டைமீது வெள்ளை உப்புக்கோடுகளைப் பார்த்த பிறகே எவ்வளவு நீர் இழந்தோம் என்பது தெரியவரும். நாளுக்கு ஏறக்குறைய 4 லிட்டர் நீரைக் கொண்டுசெல்லுங்கள். அதோடு உப்புக்கடலை போன்ற உப்புள்ள தின்பண்டங்களும் இருக்கட்டும்.

வெயில் எட்டாத இடுக்குகளில் தேங்கிய நீர் கோடையிலும் நடுக்கும். நனைந்த பருத்தித் துணி உடல்சூட்டை வாங்கிவிடும் என்பதால், விரைவில் உலரும் முழுநீள ஆடையே ஏற்றது. மணற்பாறை உப்புத்தாளைப் போல உராயும். புத்தாடையை அதற்குப் பலியிட வேண்டாம்.

இனி மழை. 1997 ஆகஸ்ட் 12ஆம் தேதி, அரிசோனாவின் ஆன்டிலோப் பள்ளத்தாக்கில் 11 பேர் வெள்ளத்தில் உயிரிழந்தனர். மழை கொட்டியதோ பல கிலோமீட்டர் தொலைவில். 2015 செப்டம்பரில் சயானின் கீஹோல் இடுக்கில் 7 பேர் மாண்டனர். ஜூலை முதல் செப்டம்பர் வரை அங்கு இடிமழைப் பருவம்; பாறை நீரை உறிஞ்சாமல் வழியவிடுவதால், தொலைவில் பெய்த மழை இடுக்குக்குள் சுவராக எழுந்து வரும். எனவே, தலைக்குமேல் வானம் நீலமாக இருக்கும்போதும் வழிகாட்டி பயணத்தை ரத்து செய்யலாம். கோடையில் 14 மணி நேரம் வேறுபடும் ஊருக்குச் சென்று, மறுநாளே இறங்கி, அதற்கடுத்த நாளே விமானம் ஏறுவதாகத் திட்டமிட்டால், ரத்து செய்ய வேண்டாமென்று அவரை வற்புறுத்தத்தான் தோன்றும். தூக்கம் தெளிய ஒரு நாளும், மழைக்கென ஒரு நாளும் கூடுதலாக ஒதுக்கிய பிறகே பயணச்சீட்டு வாங்குங்கள்.