அடுத்த பாகம் எளிதா, கடினமா? முதலில் கண்ட்ரோலரைப் பாருங்கள்

வணக்கம் மக்களே. ஒரு ஷூட்டர் கேமின் முதல் பாகத்தில் திணறித் திணறி விளையாடியிருப்போம், அடுத்த பாகம் வந்ததும் "என்ன இவ்வளவு ஈஸியா இருக்கு" என்போம், சில தொடர்களில் இது நேர்மாறாகவும் நடக்கும். உடனே எதிரிகளைப் பலவீனமாக்கிவிட்டார்கள், டிஃபிகல்ட்டியைக் குறைத்துவிட்டார்கள் என்று பேச ஆரம்பித்துவிடுகிறோம். பெரும்பாலும் மாறியிருப்பது கண்ட்ரோல்தான் என்பது என் கருத்து. அதைச் சோதித்துப் பார்க்க மெட்ராய்டு பிரைம் மாதிரி வசதியான தொடர் எனக்குத் தெரிந்து வேறு இல்லை, ஏனென்றால் அந்த முதல் பாகத்தையே மூன்று தலைமுறை கண்ட்ரோலர்களில் விளையாடலாம்.

இதோ பாருங்கள், இது நின்டெண்டோவின் பழைய கேம்கியூப் கன்சோலின் கண்ட்ரோலர். 2002-இல் ரெட்ரோ ஸ்டூடியோஸ் முதல் பாகத்தைச் செய்தது இதற்காகத்தான். வலது பக்கம் மஞ்சளாக ஒரு குட்டி ஸ்டிக் இருக்கிறது இல்லையா, இன்றைக்கு எந்த ஷூட்டரை எடுத்தாலும் அந்த இடத்தில் இருக்கும் ஸ்டிக்கை வைத்துத்தான் குறி பார்ப்போம். இந்த கேமில் அதற்கு அந்த வேலையே கிடையாது. நடப்பதும் திரும்புவதும் இடது ஸ்டிக்கில். எதிரியைப் பார்த்ததும் எல் பட்டனை அழுத்திப் பிடித்தால் பார்வை அவன்மேல் ஒட்டிக்கொள்ளும், நீங்கள் அவனைச் சுற்றி நகர்ந்தபடியே சுடலாம். தலையை நிமிர்த்திக் கூரையைப் பார்க்க வேண்டுமென்றால் ஆர் பட்டன், ஆனால் அதைப் பிடித்ததும் கேமின் நாயகி சாமுஸ் நின்றுவிடுவாள், அப்போது அதே இடது ஸ்டிக் அவள் பார்வையைத் திருப்பும்.

கேட்டால் சிரமமாகத்தான் தெரியும். ஆனால் குறி பார்க்கும் வேலையை கேமே எடுத்துக்கொள்வதால் உங்கள் கவனம் முழுக்க விலகுவதிலும் சரியான பீமை, அதாவது சாமுஸின் துப்பாக்கி சுடும் கதிரின் வகையை, தேர்ந்தெடுப்பதிலும் இருக்கும், மஞ்சள் ஸ்டிக் இருப்பதும் அதற்குத்தான். நான்கு திசைக்கு நான்கு பீம். ஃபேசான் மைன்ஸ் என்ற சுரங்கப் பகுதியில் வரும் ஸ்பேஸ் பைரேட் எதிரிகளை நினைத்துப் பாருங்கள். ஊதா நிறத்தில் வருபவனுக்கு வேவ் பீம், வெள்ளைக்கு ஐஸ், சிவப்புக்கு பிளாஸ்மா, வேறெதால் சுட்டாலும் அவனுக்கு உறைக்காது. இரண்டு நிறத்தில் இரண்டு பேர் ஒன்றாக வரும்போது, பூட்டிய பார்வையை விடாமல் கட்டைவிரலை ஒரு தட்டுத் தட்டினால் பீம் மாறிவிடும். இந்தச் சண்டையை அந்த ஸ்டிக்கை மனதில் வைத்தே கட்டியிருக்கிறார்கள் என்றுதான் ஒவ்வொரு முறையும் எனக்குத் தோன்றுகிறது.

2004-இல் வந்த இரண்டாம் பாகம் எக்கோஸிலும் ஏறத்தாழ இதே கண்ட்ரோல். அதனால் அது கடினம் என்று யாராவது சொன்னால் நான் அப்படியே ஒப்புக்கொள்வேன், டார்க் ஈதர் என்ற அதன் இருள் உலகில் வெளிச்ச வட்டத்தை விட்டு வெளியே வந்தாலே உயிர் குறைந்துகொண்டு போகும், கையைக் குறை சொல்லி ஒன்றும் ஆகாது.

2007-இல் வீ கன்சோலுக்கு மூன்றாம் பாகம் கரப்ஷன் வந்தது, கதையே மாறிவிட்டது. வீயின் ரிமோட் வடிவ கண்ட்ரோலரை டிவியை நோக்கிக் காட்டுகிறீர்கள், கை போகும் இடத்துக்குக் குறி போகிறது, ஓரத்துக்குக் கொண்டுபோனால் சாமுஸ் திரும்புகிறாள். எவ்வளவு சீக்கிரம் திரும்ப வேண்டும் என்பதற்கு மூன்று நிலைகள் உண்டு, முடிந்தால் அட்வான்ஸ்ட் வைத்துக்கொள்ளுங்கள். பார்வையை ஒருவன்மேல் பூட்டிவிட்டுக் குறியை மட்டும் தனியாக நகர்த்தவும் வழி இருக்கிறது, நகர்ந்துகொண்டே பெரிய எதிரியின் உடம்பில் ஒரு குறிப்பிட்ட இடத்தை மட்டும் சுட அதுபோல் சுகம் இல்லை. இதில் நிறைய பேர் கவனிக்காத ஒன்று, பீம் மாற்றும் வேலையையே எடுத்துவிட்டார்கள். புதிய பீம் கிடைத்தால் பழையதோடு சேர்ந்துகொள்ளும். மஞ்சள் ஸ்டிக் போனது, அதோடு நிறம் பார்த்துச் சுடும் சண்டைகளும் போயின. விளையாட எளிதாகிவிட்டது என்கிறோமே, அதில் பெரிய பங்கு இதற்குத்தான்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். 2009-இல் ட்ரிலஜி என்று மூன்றையும் ஒரே வட்டில் போட்டு, பழைய இரண்டுக்கும் வீ கண்ட்ரோலைக் கொடுத்தார்கள். முதல் பாகத்தின் சோஸோ ரூயின்ஸ் பகுதியில் பறந்து வந்து குத்தும் குளவிகள் இதில் ஒன்றுமே இல்லாமல் போய்விடும், காட்டினோம் சுட்டோம், முடிந்தது. அதே கையோடு ஃபேசான் மைன்ஸுக்குப் போங்கள். பீம் மாற்ற ஒரு பட்டனைப் பிடித்துக்கொண்டு ரிமோட்டை வேண்டிய பக்கம் காட்ட வேண்டும், அந்த ஒரு கணம் குறி பைரேட்டை விட்டுப் போய்விடும். முதல் இடம் எளிதாகிறது, இரண்டாவது இடம் தடுமாற வைக்கிறது! ஒரு கண்ட்ரோல் மொத்த கேமையும் எளிதாக்கிவிடும் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்ல எனக்கு வாய் வராததற்கு இதுதான் காரணம்.

கில்ஸோன் 2 என்ற இன்னொரு ஷூட்டரையும் சொல்லிவிடுகிறேன், 2009 தான். அதில் குறி ஸ்டிக்கோடு உடனே வராது, துப்பாக்கியின் கனம் கையில் தெரியும். எனக்கு அந்தக் கனம் ரொம்பப் பிடிக்கும், ஆனால் நான்கு பேர் நான்கு பக்கம் வரும்போது அதுவே எமனாகிவிடும், அதை மறைக்க முடியாது. பலரும் குறை சொன்ன பிறகு ஒரு அப்டேட்டில் ஹை பிரிசிஷன் என்ற ஆப்ஷனைக் கொடுத்தார்கள், 2011-இல் வந்த மூன்றாம் பாகத்தில் குறி இன்னும் லேசாக நகர்ந்தது. ஹேலோ என்ற ஷூட்டர் தொடரில் பட்டன்களின் இடமே மாறியது. ஹேலோ 3-இல் ரீலோட், அதாவது குண்டு நிரப்புவது, கண்ட்ரோலரின் மேல்விளிம்பில் இருக்கும் வலது பம்பர் பட்டனுக்குப் போனது, 2010-இல் வந்த ஹேலோ ரீச்சில் அது திரும்பவும் எக்ஸ் பட்டனுக்கு வந்து, பம்பரில் கைக்குத்து உட்கார்ந்துகொண்டது. பழைய பழக்கத்தில் ரீலோட் செய்யப் போனால் சாமுஸ் மாதிரி நிதானமாக நிற்க நேரம் கிடைக்காது, வெற்று வெளியில் கைக்குத்து விட்டுக்கொண்டு எதிரி முன்னால் நிற்போம். நல்லவேளை, பழைய அமைப்புக்கு நெருக்கமான ஒன்றை செட்டிங்ஸில் கொடுத்திருந்தார்கள்.

அடுத்த பாகம் செய்பவர்களிடம் நான் கேட்பதும் இதைத்தான். புதிய கண்ட்ரோல் கொண்டுவாருங்கள், தாராளமாக, ஆனால் பழகிய கைக்கும் ஒரு இடம் வையுங்கள். 2023-இல் ஸ்விட்சுக்கு வந்த பிரைம் ரீமாஸ்டர்டில் இரட்டை ஸ்டிக், கிளாசிக், பாயிண்டர், ஹைப்ரிட் என்று நான்கும் இருக்கின்றன. உங்களிடம் அது இருந்தால், டிஃபிகல்ட்டியைத் தொடாமல் மைன்ஸில் ஒரே அறையை முதலில் இரட்டை ஸ்டிக்கிலும் அப்புறம் கிளாசிக்கிலும் விளையாடிப் பாருங்கள். எதில் உயிர் அதிகம் மிஞ்சியது என்று எனக்குச் சொல்லுங்கள். சரி மக்களே, பார்க்கலாம்.