எத்தனை நாள் தூரம்?

(சென்னை மயிலாப்பூரில் ஒரு வாசகர் வட்டக் கூட்டத்தில் ஞாயிறு மாலை பேசியது. தட்டச்சு செய்யும்போது கொஞ்சம் சீர்செய்திருக்கிறேன்.)

எல்லோருக்கும் வணக்கம். அழைப்பிதழில் என் பேச்சுக்கு 'தொலைதூர மழைக்காட்டுக் கிராமத்தில் வாழ்க்கை' என்று தலைப்புப் போட்டிருக்கிறார்கள். நல்ல தலைப்புதான். ஆனால் அந்தத் 'தொலைதூரம்' என்ற சொல் ஆட்டோவில் வரும் வழியெல்லாம் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. எங்கிருந்து தொலைதூரம்?

நான் வால்பாறைப் பக்கம் ஒரு பள்ளியில் ஆறு வருடம் வாத்தியாராக இருந்தவன். பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை 64 கிலோமீட்டர். ஆழியாறு தாண்டியதும் 40 கொண்டை ஊசி வளைவுகள். முன் சீட்டுக்காரர் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே வருவார், பின் சீட்டுக்காரர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டியிருப்பார். அதைத்தான் நாம் தூரம் என்று நினைத்துக்கொள்கிறோம். பேருந்து நின்று, அப்புறம் ஜீப்பும் நின்று, எஸ்டேட் பாதை முடிகிற இடத்தில் ஒற்றையடிப் பாதை ஒன்று காட்டுக்குள் இறங்கும். அந்த மலையின் பழங்குடிகளான காடர் மக்களின் செட்டில்மெண்டுகள், அதாவது குடியிருப்புகள், பல அதற்கும் அந்தப் பக்கம். அங்கே யாரும் கிலோமீட்டர் சொல்வதில்லை. நாள் கணக்குத்தான். ரேஷன் வாங்க ஒரு நாள். ஆதாரில் ஓர் எழுத்தைத் திருத்த ஒரு நாள். அன்றைக்குக் கரண்ட் இல்லையென்றால் இன்னொரு நாள். சாதிச் சான்றிதழ் என்றால் கேட்கவே வேண்டாம். போகிற ஒவ்வொரு நாளும் ஒரு நாள் கூலி போச்சு.

மழையைச் சொல்லாமல் அந்த ஊரைச் சொல்ல முடியாது. சென்னைக்கு வருடத்துக்கு ஏறக்குறைய 1,400 மில்லிமீட்டர் மழை. அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்ந்துவிடும். நம் தெருவில் முழங்கால் தண்ணீர் நின்றால் நான்கு நாள் அதைப் பற்றியே பேசுவோம். அங்கே ஜூனில் தென்மேற்குப் பருவமழை பிடித்தால் செப்டம்பர் வரை விடாது. தமிழ்நாட்டிலேயே அதிகம் மழை பெய்யும் இடங்களில் ஒன்றான சின்னக்கல்லாறு அந்த மலையில்தான் இருக்கிறது.

ஒரு ஜூலை மாதம், என் வகுப்புப் பையன் ஒருவன் இரண்டு வாரமாகப் பள்ளிக்கு வரவில்லை. பார்த்துவிட்டு வரலாம் என்று கிளம்பினேன். காட்டுக்குள் நுழைந்ததும் பட்டப்பகல் சாயங்காலம் ஆகிவிட்டது. மேலே மரங்கள் அப்படி அடைத்துக்கொண்டு நிற்கின்றன. மழை விட்ட பிறகும் இலையிலிருந்து இலைக்கு அரைமணி நேரம் சொட்டிக்கொண்டே இருக்கும். அட்டைகளைப் பற்றி எச்சரித்திருந்தார்கள். நான் பேன்ட்டை சாக்ஸுக்குள் செருகிக்கொண்டு, பெரிய கெட்டிக்காரன் மாதிரி நடந்தேன். அட்டை கடித்தால் வலி தெரியாது. இரத்தம் உறையாமல் இருப்பதற்கான பொருள் அதன் எச்சிலிலேயே இருக்கிறது. பையன் வீட்டில் சாக்ஸைக் கழற்றியபோது ஒரு பக்கம் முழுக்கச் சிவப்பு. அவன் பாட்டி வாய்விட்டுச் சிரித்துவிட்டு, புகையிலையும் உப்பும் ஊறிய துணி ஒன்றைக் கொண்டுவந்தார்.

மூங்கில் தட்டிச் சுவர், மேலே தகரம். வீட்டுக்குள் அடுப்பு அணையவே இல்லை. அணைந்தால் மறுபடி மூட்டக் காய்ந்த சுள்ளி கிடையாதே. அடுப்புக்கு மேலே ஒரு பரண், அதில் விறகு அடுக்கியிருந்தது. விறகுக்குப் பக்கத்தில் கொடியில் ஒரு வெள்ளைச் சட்டை, புகையில் பழுப்பாகித் தொங்கியது. பரணின் ஓரத்தில் சமூக அறிவியல் புத்தகம், ஊறிய அப்பளம் மாதிரி உப்பியிருந்தது. ஏன்டா வரவில்லை என்று கேட்டேன். "சட்டை காயலை சார்" என்றான். இருந்தது ஒரே யூனிஃபார்ம். பதினைந்து நாளாகக் காயவில்லை. நான் வருகைப் பதிவேட்டில் அவனுக்கு 'ஆர்வமின்மை' என்று எழுதி வைத்திருந்தேன்.

இன்னொரு கதையும் அவனைப் பற்றியதுதான். பறவைகள் எங்கே முட்டையிடும் என்று தேர்வில் ஒரு கேள்வி. கூடு கட்டி, அதில் இடும் என்று எழுதினால் மார்க். இவன், "இருவாச்சி கூடு கட்டாது, வீட்டைப் பூட்டிக்கொள்ளும்" என்று எழுதியிருந்தான். தப்பு என்று சிவப்பு மையில் சுழித்தேன். இருவாச்சி என்பது பெரிய அலகுள்ள ஒரு காட்டுப் பறவை. உண்மை என்னவென்றால், பெண் இருவாச்சி பெரிய மரத்தின் பொந்துக்குள் புகுந்து வாசலை எச்சத்தாலும் மண்ணாலும் பூசி அடைத்துவிடும். அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீறல் மட்டும் விட்டு வைக்கும். மாதக்கணக்கில் ஆண் பறவை அத்திப்பழத்தைக் கொண்டுவந்து அந்தக் கீறல் வழியாக ஊட்டும். இது எனக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. அதே மலைத்தொடரில், கேரளத்தின் வாழச்சால் காட்டில், இருவாச்சிக் கூடுகளைக் கண்காணிப்பவர்களே காடர்கள்தாம். அந்த அரை மார்க்கை அவனுக்கு நான் இன்னும் கடன்பட்டிருக்கிறேன்.

சரி, தூரத்துக்கு வருகிறேன். காடர்கள் எப்போது தொலைதூரத்துக்குப் போனார்கள்? முதலில் தேக்குக்கு ஆள் வந்தது. நாம் சுற்றுலா போகும் டாப்சிலிப்புக்கு அந்தப் பெயர், வெட்டிய மரத்தை அங்கிருந்து சரிவில் தள்ளிவிட்டதால் வந்தது. கப்பலுக்கும் ரயில் பாதைக்கும் போன மரம் அது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் மழைக்காட்டை வெட்டிக் காப்பி வைத்தார்கள், பிறகு தேயிலை. அதற்கப்புறம் பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டத்தில் அணைகள். இன்று வால்பாறை மேட்டில் தேயிலைக்கு நடுவே திட்டுத் திட்டாகத்தான் மழைக்காடு மிச்சம். நடுக்காட்டில் இருந்தவர்களைச் சுற்றித் தோட்டம் வந்தது, அணை வந்தது, செக்போஸ்ட் வந்தது. வந்தவர்கள் எல்லாம் சேர்ந்து அவர்களுக்குத் தொலைதூரம் என்று பெயர் வைத்தோம்.

அந்தத் தூரத்தில் ஒரு பகுதி இந்த ஊரிலும் உண்டானது. வன உரிமைச் சட்டம் 2006இல் வந்தது. காட்டில் குடியிருக்கும் உரிமை, தேனும் குங்கிலியமும் சீயக்காயும் எடுக்கும் உரிமை எல்லாம் அதில் இருக்கிறது. ஆனால் தமிழ்நாட்டில் உரிமைப் பத்திரம் கொடுப்பதற்கு முன் நீதிமன்ற அனுமதி வேண்டும் என்று 2008இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஓர் இடைக்கால உத்தரவு பிறந்தது. அது உச்ச நீதிமன்றத்தில் விலகியது 2016இல். எட்டு வருடம்! இங்கிருந்து அந்த உயர் நீதிமன்றம் இருக்கும் பாரிமுனைக்கு பஸ்ஸில் போய்விடலாம்.

இன்னொரு வேடிக்கை. கேரளத்தில் காடர்கள் மிகவும் நலிவுற்ற பழங்குடிகள் பட்டியலில் இருக்கிறார்கள். தமிழ்நாட்டுப் பட்டியலில் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என்று ஆறு பெயர்கள். காடர் இல்லை. அண்ணன் எல்லைக்கு அந்தப் பக்கம், தம்பி இந்தப் பக்கம். அண்ணன் நலிந்தவன், தம்பி நலியாதவன். இதை யார் விளக்கினாலும் கேட்டுக்கொள்ளத் தயார்.

2019 ஆகஸ்ட் மழையில் கல்லார்குடி என்ற காடர் செட்டில்மெண்டில் நிலம் சரிந்தது. மக்கள் பக்கத்தில் தெப்பக்குளமேடு என்ற இடத்தில் குடிசை போட்டார்கள். அங்கிருந்து அகற்றப்பட்டு, எஸ்டேட் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் வைக்கப்பட்டார்கள். லைன் வீட்டுக்குச் சுவரும் உண்டு, கூரையும் உண்டு. ஆனால் வாசலைத் திறந்தால் தேயிலைதான். கிழங்கு தோண்ட இடமில்லை. தேன் மரத்துக்குப் போக வேண்டுமானால் அதற்கும் ஒரு நாள். மழையிலும் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 2021இல்தான் தெப்பக்குளமேட்டில் இடம் கிடைத்தது.

கேள்வி நேரத்தில் எப்படியும் ஒருவர் கேட்கப் போகிறீர்கள், நானே கேட்டுவிடுகிறேன். அவசரத்துக்கு ஆஸ்பத்திரி இல்லை, பிரசவம் என்றால் கம்பில் போர்வையைக் கட்டி டோலியில் தூக்கிவர வேண்டும், யானை வேறு. பேசாமல் கீழே வந்துவிடலாமே? நானும் அன்றைக்கு அந்தப் பையனின் பாட்டியிடம் இதைக் கேட்டேன். அவர் அடுப்பில் விறகைத் தள்ளிக்கொண்டே, "ஆஸ்பத்திரியைக் கேட்டா எங்களை வரச் சொல்றீங்க. அதை மேல கொண்டுவரக் கூடாதா சார்?" என்றார். எனக்கு வாயடைத்துப் போயிற்று. கருப்பட்டிக் காப்பி கொடுத்தார், குடித்தேன். கிளம்பும்போது கொடியிலிருந்த சட்டையை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். இன்னும் ஈரம்தான்.

மறுநாள் பையன் அதையே போட்டுக்கொண்டு வந்திருந்தான். முதல் பெஞ்ச்வரை புகை வாசம்.